அம்மா ஒரே டேக்கில் நடித்த படம்

சிவகாசிப் பக்கத்து ஆட்களைத் திடுக்கிட வைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரு இயக்குநராக அனுபவித்துச் சொல்கிறேன். (என்னை இயக்குநர் என்று அழைத்த ஒரே ஆள் நான்தான்.) எங்கள் திருத்தங்கலில் கைக்குழந்தைகூட வெடிச்சத்தத்துக்கு நடுவில்தான் தூங்கும். ஆபீஸில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும்போது (பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர்) காரியாபட்டியிலிருந்து வந்த சித்தப்பா காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டால், மனிதருக்கு உடம்பு சரியில்லை போல என்று பாவமாகப் பார்ப்போம்.

இப்படிப்பட்ட ஊரில்தான், வெடிச்சத்தம் கேட்டு நடுங்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பினேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். குறும்படப் போட்டி என்று அறிவித்தார்கள். நான் அப்போது வெளிநாட்டுப் படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த சமயம். ஒரு பள்ளிக்கூடத்தில் அடிதடி, வெட்டுக்குத்து என்று ஏதாவது நடந்துவிடும்; தப்பிய பிள்ளைகள் அந்த அதிர்ச்சியோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் கதையாக இருக்கும். அந்தப் படங்களில் எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். எனவே என் கதையிலும் முக்கால்வாசி ஜன்னல்தான். மீதிக் கால்வாசியில், ஆண்டு விழாவன்று இரண்டு கோஷ்டிகள் மோதி நாட்டு வெடிகுண்டு வீச, தோழியைப் பறிகொடுத்த ஒரு மாணவி அதன் பிறகு சின்னச் சத்தத்துக்கும் ஒடுங்கிப்போகிறாள். படத்தின் பெயர் ‘உடைந்த மணியோசை’. (படத்தில் மணி எதுவும் கிடையாது.)

கதாநாயகி என் தங்கை செல்வி. ஒன்பதாம் வகுப்பு. சம்பளமாகப் பரோட்டா கேட்டாள். ஒளிப்பதிவு, என் நண்பன் சரவணன். நல்ல போன் அவனிடம்தான் இருந்தது, தகுதி அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கண்மாயை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். தீபாவளி சீசன் நேரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு வேலை. கண்மாய்க்கு அந்தப் பக்கம்தான் அவள் சரவெடி பின்னும் ஆபீஸ். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப்போகிறோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். சத்தம் பற்றிச் சொல்லவில்லை. அதையெல்லாம் தயாரிப்பாளரிடம்கூட இயக்குநர்கள் சொல்வதில்லை.

காட்சி இதுதான்: செல்வி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம். நோட்டு கைநழுவ வேண்டும், காதைப் பொத்திக்கொண்டு நடுங்க வேண்டும்.

முதல் வெடியை வைத்தேன். செல்வி எழுதுவதை நிறுத்தவில்லை.

“அண்ணே, போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து ஒரு அணுகுண்டு. திரும்பிப் பார்த்தாள். “இது பரவால்ல. முன்னாடி வச்சது நமுத்துருச்சு போல.”

நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மனக்காயம் என்றால் என்ன என்று நீண்ட விளக்கம் கொடுத்தேன். “அந்தப் பொண்ணு மனசுக்குள்ள அந்தச் சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு, செல்வி. உனக்கு ரொம்பப் பயமான ஒண்ண நெனச்சுக்கோ.”

“கணக்கு டீச்சர நெனச்சுக்கிறட்டா?”

“நெனச்சுக்கோ.”

நினைத்துக்கொண்டாள். வெடி வெடித்ததும் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டாள்.

இயக்குநர்களுக்குப் பித்தம் தலைக்கேறுவது இந்த இடத்தில்தான். தப்பு நடிகையிடம் இல்லை, சத்தத்தில்தான் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு காலித் தார் டிரம் கிடந்தது. அதற்குள் கைவசம் இருந்த அணுகுண்டுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தேன். பின்னணியில் புகை இருந்தால் காட்சிக்கு ஆழம் கிடைக்கும் என்று சரவணன் சொன்னான். (அவன் சொன்ன ஒரே யோசனை. அதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.) பழைய டயர் ஒன்றைக் கொளுத்தினோம். படப்பிடிப்பு ஒழுங்கு முக்கியம் என்பதால் அவன் போனில் அழைப்பு வராதபடி செய்து, என் போனை அணைத்தும் வைத்தேன்.

டிரம் ‘கும்’ என்றது. நிலம் அதிர்ந்தது. கூரைப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. டயர்ப் புகை கரேலென்று மேலே ஏறியது.

செல்வி அப்போதும் நடுங்கவில்லை. “இது நல்லாருந்துச்சுண்ணே” என்றாள்.

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வெடிச்சத்தத்துக்கு நாங்கள் திரும்பிப் பார்க்கமாட்டோம். ஆனால் வேலை நேரத்தில் ஒரு கனத்த சத்தம் கேட்டு, அந்தத் திசையில் கரும்புகை எழுந்தால், சோற்றில் கை வைத்தவர்கூட அப்படியே எழுந்து ஓடுவார். எனக்கும் இது தெரியும். எத்தனை தடவை நானே தெருவில் இறங்கி, புகை எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறேன். அம்மாவின் ஆபீஸ் பக்கம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். அன்றைக்கு மட்டும் எனக்கு இது மறந்துபோனது.

“அண்ணே, கண்மாக்கரைல ஆளுக ஓடியாறாக” என்றாள் செல்வி.

ஆபீஸே ஓடி வந்துகொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட பெண்கள் கரைநெடுக வந்தார்கள். நடுவில் போர்மேன் அண்ணாச்சி, இரண்டு கையிலும் மணல் வாளியோடு, தொப்பை குலுங்க. எல்லாருக்கும் முன்னால் அம்மா. காலில் செருப்பில்லை. அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டாள்; அடுத்த பஸ் வரும் என்பாள்.

வந்தவள் திட்டவில்லை. முதலில் செல்வியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என் கைகளைப் பிடித்து விரித்தாள். விரல் விரலாகத் தடவினாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து செல்விக்கும் உதடு துடித்து, நோட்டு கைநழுவி, உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது. நான் காலையிலிருந்து கேட்டது எல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது.

“உள்ள வேற பிள்ளைக இருக்கா?” அம்மா வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“இல்லம்மா.”

“என்னலே வெடிச்சுச்சு?”

“டிரம்மும்மா. சீனுக்காக.”

“எதுக்காக?”

“ஒரு பொண்ணு பயப்படணும். அந்த சீனுக்கு.”

அதற்குப் பிறகுதான் அறை விழுந்தது. அப்படி ஒரு அறையை நான் அதற்கு முன்பும் வாங்கியதில்லை, பின்பும் வாங்கியதில்லை. அறைந்த கையோடு என்னை இழுத்து நெஞ்சில் சேர்த்துக்கொண்டு அழுதாள். அவள் சட்டையில் வெடிமருந்து வாடை அடித்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தனை பெண்களுக்கு முன்னால், மீசை வைத்த இயக்குநராகிய நான் விக்கி விக்கி அழுதேன்.

போர்மேன் அண்ணாச்சி இரண்டு வாளி மணலையும் டயர் மேல் மரியாதையாகக் கொட்டினார். “சீசன் நேரத்துல ஒரு ஆபீஸையே நிப்பாட்டிட்டியேய்யா. அம்புட்டுத் தூரம் மணலத் தூக்கியாந்திருக்கேன், இங்கன பள்ளிக்கூடத்துக் கிரவுண்டே மணலாத்தான் கெடக்கு” என்றார். ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்க, அழுதுகொண்டிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து சரவணன் தலையை நீட்டி, “கட் சொல்லவா மாப்ள?” என்று கேட்டான். பாவி, எல்லாவற்றையும் எடுத்திருந்தான். (அவனுக்கும் ஒன்று விழுந்தது. அது பதிவாகவில்லை.)

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தக் காட்சியைப் படத்தில் வைத்தேன். பரிசு கிடைக்கவில்லை. அந்த அம்மா எந்த நாடகக் குழு என்று மட்டும் நடுவர் விசாரித்தார். வீட்டில் போட்டுக் காட்டியபோது அம்மா முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மொதல்லயே சொல்லிருந்தா அந்த நீலச் சேலையக் கட்டிருப்பேன்ல.” இன்றைக்கும் கல்யாண வீடுகளில், மகன் சினிமாவில் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், “அவனுக்குப் பத்து டேக் வேணும், நான் ஒரே டேக்கு” என்பாள்.

நான் இப்போது சென்னையில், ஒரு டிவி தொடர் கம்பெனியில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். ஊரில் எங்கள் தெருவில் லாரி டயர் வெடித்தாலும் சரி, யார் வீட்டிலாவது குக்கர் வெடித்தாலும் சரி, அம்மா எனக்குப் போன் போடுவாள்.

“ஏலே, நீயா?”

“நான் இல்லம்மா. சென்னைல இருக்கேன்.”

“சரி, சாப்ட்டியா?”

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் செல்வி சிரிப்பது கேட்கும்.

போன சீசனில் ஒருநாள் மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், அம்மா கேட்டுக்கு வெளியே வந்து வாட்ச்மேனின் போனை வாங்கிப் பேசியிருக்கிறாள். பின்னால் தீயணைப்பு வண்டியின் சத்தம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. விபத்து வேறொரு ஆபீஸில் என்பது டிவியில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். டிவியைப் பார்த்து நான் பதறிவிடக் கூடாது என்று அவள் முந்திக்கொண்டாள்.

“ஏலே, நீயா?” என்றாள் அம்மா.

“நான் இல்லம்மா” என்றேன். “நீ சாப்ட்டியா?” என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.