எழுந்திருக்க விடாத நாற்காலி

உட்காருவதைப் பற்றி, எப்போதும் அளவு டேப்பும் கையுமாகத் திரிந்த எங்கள் டேப் சார் அளவுக்குக் கவலைப்பட்ட மனிதர் அன்றைய மெட்ராஸில் வேறு யாரும் கிடையாது. அரசாங்க இன்ஜினீயராகப் பாலம் கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள், "பாலத்துல போறவன் ரெண்டு நிமிஷத்துல போயிடறான். எட்டு மணி நேரம் நாற்காலில உக்கார்றவனை யார் கவனிக்கறா?" என்று கேட்டு வேலையை விட்டார். தி. நகரில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து 'டிசைன் ஆபீஸ்' என்று போர்டு மாட்டினார். போர்டைப் பார்த்துவிட்டு, புடவை பார்டருக்கு டிசைன் கேட்டு வந்த மாமிகள்தான் அதிகம். நான் அங்கே படம் வரையும் டிராஃப்ட்ஸ்மன். மொத்த ஸ்டாஃபும் நானே. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

எதையும் வரைவதற்கு முன் ஆட்களை அளக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தேனாம்பேட்டையில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் முழங்காலில் டேப்பை வைத்தார்.

"இன்னா சார், டைலரா நீ? பேண்ட்டு தெச்சுக் குடுக்கப்போறியா?"

"இல்லப்பா, நாற்காலி செய்யணும்."

"எனுக்கு எதுக்கு நாற்காலி? நாள் பூரா குந்திக்கினுதானே கீறேன்!"

ஒருவழியாக மயிலாப்பூர் ஓட்டல் முதலாளி ஒருவர் நாற்பது நாற்காலி கேட்டார். அது கைநழுவினால் ஷெட்டுக்குப் பூட்டுதான், எனக்கும் வேலை போய்விடும். முதலில் மாதிரிக்கு நாலு நாற்காலி செய்து ஓட்டலில் போட்டோம். உட்கார்ந்து பார்த்தேன். சொர்க்கம்.

மூன்றாம் நாள் முதலாளி ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"ஓய், உம்ம நாற்காலில உக்காந்தவா எழுந்திருக்கவே மாட்டேங்கறா! ஒரு காபிக்கு ரெண்டு மணி நேரம்! வாசல்ல கூட்டம் நிக்கறது. நான் ஓட்டல் நடத்தறேனா, சத்திரம் நடத்தறேனா?"

டேப் சார் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு மணி நேரமா! நடுவுல யாரும் நெளியலையே?" என்று நோட்டை எடுத்தார். ஆர்டர் போய்விட்டது என்பது அவருக்கு உறைக்க அரை மணி ஆயிற்று.

அப்படி எழுந்திருக்க மறுத்தவர்களில் ஒருவர், அடையாறு பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியின் பிரின்சிபால். மறுவாரமே ஷெட்டுக்கு வந்து, டேப் சாரைப் புரொபசராக வரச் சொன்னார். நான் மூலையில் நின்று, வேலை போகப்போவதை வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேப் சார் என்னைக் கைகாட்டினார்.

"வந்தா ரெண்டு பேரும் வருவோம் சார். அந்த நாற்காலிக்கு அளவு எடுத்தது மட்டும்தான் நான். யோசனை எல்லாம் இவரோடது."

சுத்தப் பொய். ஒவ்வொரு கோட்டையும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, மூன்று முறை அழிக்கச் சொல்லிப் போடவைத்தவர் அவர்தான்.

ரிடையராகும்வரை அந்தக் கல்லூரியில்தான் இருந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த மனிதருக்கு அன்று இரண்டு காதும் சிவந்துபோயிருந்தன. அப்போது அவர் மேல் வந்த பிரியம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.