சுகநடைக் குழுவின் முதலும் கடைசியுமான கூட்டம்

நிலவில் மனிதன் கால் வைத்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதைவிட அரிய சாதனை ஒன்று, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், குளிரூட்டப்பட்ட அறையில், சத்தமில்லாமல் நடந்தேறியது. நாடறிந்த காலணி நிறுவனம் ஒன்று அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் காலை நேரில் பார்த்தது.

அந்தப் பெண்மணியை எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்திவிடும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் அங்கே போய்வந்தார். பார்க்க ஆள் வராத நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து பேசுவார், தலையணையைத் தட்டிப் போடுவார், சாப்பிட மறுப்பவர்களை அதட்டுவார். அவரிடம் அதட்டு வாங்குவதற்காகவே சாப்பிட மறுத்த கிழவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவருக்குக் குடும்பத்தில் இருந்த ஒரே கெட்ட பெயர், 'செருப்புப் பைத்தியம்'.

பழி ஆதாரமில்லாததல்ல. படுக்கையறையில் ஆளுயர அலமாரி ஒன்று முழுக்கக் காலணிகள். குதிகாலைக் கடிப்பவை மேல்தட்டு. சுண்டுவிரலைக் கடிப்பவை அதற்கடுத்த தட்டு. கடிக்காமல், ஆனால் நடக்கும்போது ஆளை விட்டுவிட்டு முன்னால் போய்விடுபவை கீழே. வாசலில் கார் நின்றால் மட்டும் போடக்கூடியவை தனி. 'அடிக்கடி' என்ற சொல் எப்படிப் பிறந்தது என்று பண்டிதர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அடியைக் கடிப்பதால் வந்தது என்பதே சிஸ்டரின் துணிபு.

மகன் அந்த அலமாரியை 'மியூசியம்' என்பான். "ஏம்மா, ஒரு மனுஷிக்கு இத்தனை கால் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பான்.

கணவரோ எளிமையின் திருவுருவம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ. அது தேய்ந்து போனதும் கடைக்குப் போவார். "இதே மாதிரி" என்பார். போட்டுக்கொண்டே திரும்பி வருவார். போட்ட காபி ஆறுவதற்குள் வாழ்க்கையின் ஒரு பிரச்சினை முடிந்துவிடும். உறவினர்கள் அவரைக் காட்டிப் பிள்ளைகளிடம், "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். அவரும் அடக்கத்தோடு அதை ஒப்புக்கொள்வார்.

"ஆசை இல்லாதவனுக்கு ஒரு ஜோடி போதும்" என்பார்.

"உங்களுக்கு இல்லாதது ஆசையா, கால்ல புடைப்பா?" என்பார் சிஸ்டர்.

சிஸ்டருடைய பெருவிரல் மூட்டு இரண்டு கால்களிலும் வெளியே புடைத்திருந்தது. வார்டுக்கு வார்டு நடந்த நடைக்கு உடம்பு கொடுத்த ஓய்வூதியம் அது. அந்த மூட்டுக்கு இடம் விடும் பெண்கள் காலணி எந்தக் கடையிலும் இல்லை. எல்லாமே முன்னால் போகப் போகக் குறுகி, புனல் மாதிரி முடிந்தன. அதனால் வீட்டு ரப்பர் செருப்போடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அதற்கும் வந்தது ஆபத்து. விரல் தெரியும் செருப்போடு யாரும் வார்டுக்குள் வரக்கூடாது, மூடிய ஷூதான் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி உத்தரவு போட்டது. நிர்வாக அதிகாரி சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். கையைப் பிசைந்தார்.

"உங்களுக்காக வரவேற்பு மேசைல ஒரு நல்ல நாற்காலி போட்டிருக்கோம் சிஸ்டர்."

"அதுல உட்கார்ந்து என்ன பண்றது?"

"சிரிக்கலாம்."

"யாரைப் பார்த்து?"

"வர்றவங்களைப் பார்த்து."

"கட்டில்ல கிடக்கிறவங்க எழுந்து வந்து என் சிரிப்பைப் பார்ப்பாங்களா?"

அதிகாரி மேசையைக் காட்டினார். அதன்மேல் உத்தரவு இருந்தது.

சிஸ்டர் அன்றே கடையேறினார். மேற்படி நிறுவனத்தின் ஷூக்களை வாங்கினார், வீட்டில் நடந்து பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மறுபடி வாங்கினார், மறுபடி கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கடைப்பெண், "போடப் போட சரியாயிடும் மேடம்" என்றாள். எது சரியாகும், ஷூவா காலா என்று அவள் சொல்லவில்லை.

இந்தப் போக்குவரத்தை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டிருந்தது. அதன் விளைவாக ஒரு நாள் தொலைபேசி வந்தது. பேசியவர் விற்பனை மேலாளர்.

"மேடம், எங்க நிறுவனத்துலயே அதிகமா வாங்கினது நீங்கதான். அதிகமா திருப்பிக் கொடுத்ததும் நீங்கதான். எங்க மேல உங்களுக்கு இருக்கிற பாசத்தை நினைச்சா கண் கலங்குது."

"எனக்கும் கலங்குது தம்பி. நடக்கும்போது."

அந்த ஒரு வாக்கியத்தில் மேலாளர் சொக்கிப்போனார். நிறுவனம் அமைத்திருந்த 'மூத்த மகளிர் சுகநடை ஆலோசனைக் குழு'வில் சிஸ்டர் 'அனுபவ உறுப்பினர்' ஆனது இப்படித்தான்.

கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். குழுத் தலைவரான விற்பனை மேலாளர். பொடியான உருவம், பெரிய குரல். குடுமி வைத்த வடிவமைப்பாளர். குறிப்பெடுக்க விளம்பரப் பிரிவுப் பெண் ஒருத்தி. கூட்டம் தொடங்கியதும் மேலாளர் ஒரு தீர்மானம் வாசித்தார்: 'முதியவர்', 'மூதாட்டி', 'வயதான' ஆகிய சொற்கள் இன்றுமுதல் ஒழிக்கப்படுகின்றன, இனி 'பொன்பருவ மகளிர்' மட்டுமே. மூவரும் கைதட்டினார்கள். ஒரு சொல்லை மாற்றியதால் எத்தனை மூட்டுகளின் வலி குறைந்தது என்பதை வருங்கால ஆய்வாளர்கள்தான் கணக்கிட வேண்டும்.

பிறகு வடிவமைப்பாளர் மேசைமேல் இருந்த பட்டுத்துணியை இழுத்தார். உள்ளே 'சுகநடை' இருந்தது. தங்க நிறம். பென்சில் சீவியதுபோன்ற முனை. குதிகாலுக்குக் கீழே ஒரு சிறு தூண்.

"இது எங்க போட்டுக்கிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டார் சிஸ்டர். "ஆஸ்பத்திரிக்கா, கடைக்கா?"

"வாழ்க்கைக்கு மேடம்" என்றார் வடிவமைப்பாளர்.

சிஸ்டர் அதற்குள் காலை நுழைத்தார். நுழைத்தார் என்பது மரியாதைக்குச் சொன்னது, திணித்தார்.

"தம்பி, மூணு பேர் படுக்கிற கட்டில்ல அஞ்சு பேரைப் படுக்க வச்சிருக்கீங்க."

"அது நெருக்கம் மேடம். பொன்பருவத்துல தனிமைதான் பெரிய பிரச்சினைன்னு எங்க ஆய்வு சொல்லுது."

"விரலுக்குமா?"

மேலாளர் குறுக்கிட்டார். "மேடம், வசதியைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் போட்டதும் உங்களுக்கு என்ன உணர்வு வருது? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"வலி."

"அருமை!" மேலாளர் விளம்பரப் பெண் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. 'வலிமை'."

"நான் வலின்னு சொன்னேன்."

"நீங்க தொடங்கி வச்சீங்க மேடம். நாங்க முடிச்சு வைக்கிறோம். குழுன்னா அதுதானே?"

சிஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் வழவழப்பான ஒரு மரக்கால் நின்றது. மெலிந்து, நீண்டு, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது.

"அது யாரு காலு?"

"அதுதான் மேடம் பெண்களோட கால்" என்றார் வடிவமைப்பாளர், குரலைத் தாழ்த்தி. "எங்க பெண்கள் ஷூ எல்லாம் அந்த அச்சுல செய்ததுதான். நிறுவனம் தொடங்கின நாள்லேருந்து அது மாறவே இல்லை."

"அதுக்கு வயசே ஆகலையா?"

"மரம் மேடம்."

"அது எப்பவாவது நடந்திருக்கா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. குழு திகைத்தது. அந்த இடைவெளியில் சிஸ்டருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. காலை ரவுண்டில் வார்டே எழுந்து உட்காரும் குரல்.

"எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க."

மேலாளரும் வடிவமைப்பாளரும் ஏன் என்று கேட்காமல் கழற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவோமே, அப்படி. விளம்பரப் பெண் மட்டும் அசையவில்லை.

"நீயும்தான் கண்ணு."

"நான் வந்ததுமே கழட்டிட்டேன் சிஸ்டர்" என்றாள் அவள், மேசைக்கு அடியில் பார்த்தபடி. இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. அதில் ஒன்று பாதி உரிந்து தொங்கியது. சிஸ்டர் கைப்பையிலிருந்து புதிய பிளாஸ்திரி எடுத்து, குனிந்து, ஒட்டிவிட்டார். கூட்டத்தில் உருப்படியாக நடந்த முதல் காரியம் அதுதான்.

நிமிரும்போது மேலாளரின் ஷூ கண்ணில் பட்டது. கறுப்பு. அகன்ற முகம். தட்டையான அடி. மேலாளரின் கால் சின்னது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சிஸ்டர் எதுவும் கேட்காமல் அதற்குள் காலை விட்டார்.

கால் போனது. திணிக்காமல், வளைக்காமல், வேண்டிக்கொள்ளாமல் போனது.

சிஸ்டர் கதவுவரை நடந்தார். கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் கடைசிவரை போனார். திரும்பி வந்தார். மாவுக்கட்டுப் பிரித்த நோயாளி பயந்துகொண்டே கையை மடக்கிப் பார்த்து, மடங்குகிறதே என்று நம்பாமல் இன்னொரு முறை மடக்குவாரே, அதுபோல மறுபடியும் ஒருமுறை நடந்தார். மூட்டு வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமாக இருக்கிறேன், இருக்கிறேன் என்று கத்திக்கொண்டே இருந்த கால், இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது. ஒரு ஷூவுக்காக அழுவது அசிங்கம் என்று சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இது என்ன ரகம்?"

"அது... சாதா ஆம்பளை ஷூ மேடம்" என்றார் மேலாளர்.

"இதுக்கு என்ன ஆய்வு பண்ணீங்க?"

"ஆய்வா? அதுக்கெல்லாம் எதுக்கு ஆய்வு? காலை அளந்தோம். தச்சோம்."

"சரி. இன்னிக்கு எனக்கு வார்டு நாள். நான் கிளம்பறேன். ஷூ சாயங்காலம் வந்து சேரும்."

"மேடம்! நான் எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

"மேசை மேல வாழ்க்கை இருக்கே தம்பி. அதைப் போட்டுக்குங்க."

மேலாளர் போட்டுக்கொண்டார் என்றும், லிஃப்ட்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனார் என்றும், மறுநாள் 'வெளிப்பணி' காரணமாக அலுவலகம் வரவில்லை என்றும் விளம்பரப் பெண் பிற்பாடு சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிர்வாக அதிகாரி சிஸ்டரின் காலைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"சிஸ்டர், அது ஆம்பளை ஷூ!"

"மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"உத்தரவுல வேற என்ன எழுதியிருக்கு?"

அதிகாரி நகர்ந்து வழிவிட்டார். மூன்றாவது வார்டில் ஒரு பெரியவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஏன் சாப்பிடல?" என்று வாசலிலிருந்தே அதட்டினார் சிஸ்டர்.

பெரியவர் திரும்பினார். "இத்தனை நாளா கேட்க ஆளில்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

சொன்னபடி சாயங்காலம் ஷூ திரும்பிப் போனது. மறுநாள் சிஸ்டர் கடைக்குப் போய் அதே ரகத்தில் ஒன்று வாங்கினார். அந்த வாரமே மியூசியம் காலியானது. துடைத்த அலமாரியில் போர்வைகள் குடியேறின. வாசலில் இப்போது இரண்டே ஜோடி ஷூ. விஷயம் தெரிந்து உறவினர்கள் வந்து பார்த்து வியந்தார்கள். பிறகு வரிசையாகக் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"உங்களைப் பார்த்துத்தான் அவங்க எளிமையைக் கத்துக்கிட்டாங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

"நான் எதுவும் சொல்லல" என்றார் கணவர் அடக்கத்தோடு. "அவளே புரிஞ்சுக்கிட்டா."

சிஸ்டர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு நடக்க வேண்டிய வேலை இருந்தது.

வார்டில் விஷயம் பரவியது. மூத்த நர்ஸுகள், துப்புரவு செய்யும் அம்மாக்கள், நோயாளிகளைப் பார்க்க வந்த அக்காமார்கள், அத்தைமார்கள் எல்லோரும் சிஸ்டரின் காலைப் பார்த்தார்கள். கடையின் ஆண்கள் பிரிவுக்குக் கிளம்பினார்கள். ஒரு மாலை சிஸ்டர் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனபோது உட்கார பெஞ்சில் இடமில்லை.

"சாருக்கு என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டான் கடைக்காரன்.

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்று தன் காலை உள்ளே விட்டார் ஓர் அம்மா. "ம். சாருக்குச் சரியா இருக்கு. சாருக்கு விரல்கூட நல்லா அசையுது."

கடைசி வரிசையில் பழக்கமான முகம். விளம்பரப் பெண்.

"யாருக்குக் கண்ணு?"

"தம்பிக்கு சிஸ்டர்."

"உனக்குத் தம்பி இருக்கானா?"

"இல்ல" என்றாள் அவள், ஷூக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தி, "குழுவைக் கலைச்சுட்டாங்க. அறிக்கை வந்துடுச்சு" என்றாள்.

அறிக்கையை எழுதியவர் சாட்சாத் மேலாளர்தான். 'சுகநடை'யின் வலியைத் தன் சொந்தக் காலால் உணர்ந்தவர் என்பதால் அதில் நேர்மை சுடர்விட்டது. 'தயாரிப்பு குறையற்றது, அணிபவர்கள்தான் இன்னும் தயாராகவில்லை' என்று தொடங்கியது. பெண்கள் பிரிவில் விற்பனை விழுந்துவிட்டதால், பொன்பருவ மகளிர் நடப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று முடிவு செய்திருந்தது. ஆண்கள் பிரிவில் விற்பனை பொங்கி வழிவதால், நாட்டின் கணவன்மார்கள் திடீரென்று ஓயாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும் கண்டறிந்திருந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக மேலாளருக்குப் பதவி உயர்வும், கணவன்மார்களுக்கு நன்றி தெரிவித்து முழுப் பக்க விளம்பரமும் கிடைத்தன. மரக்கால் துடைக்கப்பட்டு மீண்டும் அலமாரியில் ஏற்றப்பட்டது.

நாமும் கைதட்டத்தான் வேண்டும். ஒரு நிறுவனம், இத்தனை பெண்கள் தன் கடைக்குள்ளேயே, தன் ஷூவையே போட்டுக்கொண்டு, தன் கண்ணெதிரிலேயே நடந்து போயும், அவர்களுக்குக் கால் இருக்கிறது என்பதைக் கடைசிவரை கண்டுகொள்ளாமல் இருப்பதென்றால், அது எளிதில் வருகிற திறமை அல்ல. அதற்குப் பல தலைமுறைப் பயிற்சி வேண்டும்.