டெங்குவுக்கு மரியாதை கற்பித்த கன்பூசியஸ் அண்ணை

டெங்கு பரப்பும் நுளம்பிடமிருந்துகூட மரியாதையை எதிர்பார்த்த ஒரே மனிதர் லண்டனிலேயே எங்கள் கன்பூசியஸ் அண்ணைதான்.

எண்பதுகளின் கடைசியில் டூட்டிங்கில் ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். நாங்கள் நால்வர் யாழ்ப்பாணம். ஐந்தாமவர் மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில் டாக்டர். எல்லோரிலும் மூத்தவர் அண்ணை.

அண்ணை ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளி. அவரை நிறுத்திய அறை முழுக்கப் பழைய கொரிய ஓவியங்கள். அரசர், தேவதை எவரும் இல்லை. எல்லாம் சாதாரண சனங்கள். மல்லுக்கட்டும் இருவர், வாத்தியாரிடம் அடிவாங்கி அழும் பையன், வியர்க்க வியர்க்க நெல்லடிக்கும் ஆட்கள், பாயில் சாய்ந்து சுங்கான் புகைத்தபடி அவர்களை மேற்பார்க்கும் பெரியவர். சீன ஞானி கன்பூசியஸின் நெறியில் வாழ்ந்த சமூகம் இது என்று பக்கத்தில் விளக்கம். மூத்தவருக்கு இளையவர் அடங்க வேண்டும் என்பதுவரை அண்ணை வாசித்திருக்கிறார். மூத்தவர் இளையவரிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அடுத்த வரிக்குள் ஷிப்ட் முடிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் வயதுப்படி. குளிப்பதும் அப்படியே. கடைக்குட்டியான எனக்குச் சுடுதண்ணீர் வந்து சேர்ந்ததே இல்லை. நாங்கள் சமைக்க, அண்ணை சோபாவில் சாய்ந்து மேற்பார்ப்பார்.

"அண்ணை, வெங்காயமாவது உரிக்கலாமே?"

"தம்பி, நெல்லடிக்கிற படத்தில பெரியவர் வெங்காயமே உரிக்கிறார்?"

ஒரு ஞாயிறு டாக்டரையும் என்னையும் கூட்டிப்போய் அந்தப் படத்தைக் காட்டினார். டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, இந்த ஆளுங்க பெரியவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு தோணுது."

"சிரிக்கட்டும். நெல்லடிக்கிறதை நிப்பாட்டயில்லைத்தானே?"

பிறகு சிங்கப்பூரில் அண்ணையின் தங்கைக்குக் கலியாணம் வந்தது. அங்கே டெங்குக் கொசு இருக்கிறது, உடம்பை மூடி நடங்கள் என்றார் டாக்டர். அண்ணை சிரித்தார். கொழும்பில் வேலை பார்த்தபோதே அவருக்கு டெங்கு வந்து போயிருந்தது.

"எனக்கு இனி வராது. உடம்பில எதிர்ப்புச் சக்தி இருக்கு."

"ஆமா, அந்த ஒரு வகைக்கு இருக்கும். டெங்குல நாலு வகை இருக்கு அண்ணே."

அண்ணை நாலு விரலை விரித்து எண்ணினார்.

"அப்ப நாலும் சகோதரங்கள். மூத்தவன் வந்து போயிட்டான். அண்ணன் வந்துபோன வீட்டில தம்பிமார் அடக்கமா இருப்பினம்."

"அதுங்க கன்பூசியஸ் படிக்கலையே. ரெண்டாவதா வர்றவன் முதல்ல வந்தவனைவிட மோசமா அடிக்கலாம்."

"டாக்டர், நீர் என்னைவிட இளையவர்" என்று அண்ணை விசாரணையை முடித்துவிட்டார்.

கலியாணத்தில் அரைக்கைச் சட்டையோடு தோட்டத்தில் உட்கார்ந்து மூத்தவராகக் காட்சி கொடுத்துவிட்டு வந்தார். வந்த கிழமையே காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் உடைவதுபோல் உளைவு. சில நாளில் காய்ச்சல் இறங்கியதும் கட்டிலில் கிடந்தபடியே வெற்றியை அறிவித்தார்.

"பாத்தீரோ, தம்பியார் போயிட்டார்."

டாக்டரின் முகம் மாறியது. "காய்ச்சல் இறங்குறப்பதான் பயமே. வயிறு வலிக்குதுன்னு வேற சொல்றீங்க, ஈறுல ரத்தம் வருது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"இளையவர் சொல்லி மூத்தவர் எழும்புறது ஒரு படத்திலும் இல்லை."

கெஞ்சினோம். தூக்கப் பார்த்தோம். அண்ணை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கீழே போய் மதுரைக்குப் போன் போட்டார். பேசியது அவருடைய அப்பா, எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. நீளமான வயரை மாடிப்படி வழியே கட்டில்வரை இழுத்து ரிசீவரை அண்ணையின் காதில் வைத்தேன். கார்டின் குரல் எனக்கே கேட்டது.

"தம்பி, டாக்டர் சொன்னா கேக்கமாட்டீங்களாமே. எழுந்திரிங்க. சட்டையைப் போடுங்க."

நிற்க முடியாத மனிதர் எழுந்து நின்றார்.

"ஓம் ஐயா. இந்தா வெளிக்கிடுறன்."

வந்திருந்தது வேறு வகை டெங்குதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சிக்கல் என்றும் சொன்னார்கள். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தார். நாங்கள் மாறிமாறிக் கட்டிலருகே காவல் இருந்தோம். மூன்றாம் நாள் கண் விழித்து, தாதியிடம் அவளுடைய வயதைக் கேட்டார். பிழைத்துவிட்டார் என்று எங்களுக்கு விளங்கியது.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்ஸியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். "உங்கள் சகோதரரா?" என்று டிரைவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமென்று சொல்லிவிட்டு, டூட்டிங் வரும்வரை தோளை அசைக்காமல் இருந்தேன்.