கிடாயும் நானும் போய்ச் சேர்ந்த இடம்

காரை நிறுத்தி யாரிடமாவது வழி கேட்டால் என் கௌரவம் என்னாவது என்று நினைக்கிற ஆள் நான். நினைத்த ஆள் என்று திருத்திக்கொள்கிறேன். இப்போதெல்லாம் டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர், ஆடு மேய்ப்பவர் என்று ஒருத்தரையும் விடுவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதுகூட, எதற்கும் தெருமுனை அயர்ன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று வாய் பரபரக்கிறது. இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை.

என் தங்கை மீனாவைக் கடமலைக்குண்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அவள் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். ஏற்கெனவே அவள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு, சென்னையில் ஆபீஸ் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று போகாமல் இருந்தவன். அதனால் இந்த முறை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அண்ணே, பத்தரைக்குள்ள குத்தணும். நீ வரலேன்னா செல்வண்ணன் மடியில உக்கார வச்சிருவாக. அப்புறம் ஆயுசுக்கும் எம்பிள்ளைக்கு அவருதான் மாமன். நான் உங்கிட்டப் பேசவும் மாட்டேன்.”

செல்வம் எங்கள் பெரியப்பா மகன். தேனியில் இருக்கிறான். எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து, பந்தியில் இலை போட்டு, தண்ணீர் ஊற்றி, கடைசி ஆளாகச் சாப்பிடுகிற நல்லவன். (ஒருத்தனைப் பிடிக்காமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?)

மீனாவின் கணவர் முருகேசன் போனில் லொக்கேஷன் அனுப்பினார். கூடவே, “கடமலைக்குண்டு வந்து யாரைக் கேட்டாலும் கோயிலுக்கு வழி சொல்லுவாக மச்சான்” என்றார். யாரைக் கேட்டாலுமா? நானா? மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முந்தின நாள் திண்டுக்கல்லில் தங்கி, விடிந்ததும் நானும் என் மனைவி வனஜாவும் கிளம்பினோம். ஆண்டிபட்டியில் அவளுடைய சித்தப்பா சீருக்கென்று வாங்கி வைத்திருந்த கிடாயைப் பின்சீட்டில் ஏற்றினார். தட்டு, பழம், பட்டுப்பாவாடை எல்லாம் டிக்கியில். எனக்குப் போட வேண்டிய ரோஜா மாலை வனஜாவின் மடியில். கிடாய் ஏறியதிலிருந்து அந்த மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடமலைக்குண்டு வரைக்கும் போன் மேப்பில் வழி சொன்ன பெண்மணி ஒரு குறையும் வைக்கவில்லை. கடைத்தெருவில் வனஜா மெதுவாக ஆரம்பித்தாள்.

“என்னங்க, அந்தா அந்த வடைக் கடையில ஒரு வார்த்தை கேட்டுருவமா?”

“சாட்டிலைட்டே வழி சொல்லுது வனஜா. வடைக் கடைக்காரரு அதைவிட ஒசரத்துல இருந்தா பாக்குறாரு?”

இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வனஜா சிரிக்கவில்லை. கிடாய் மட்டும் கத்தியது.

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் திரும்பச் சொன்னது போன். திரும்பினேன். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு வண்டித்தடமாகி, கடைசியில் ஓர் இலவந்தோப்புக்குள் போய் நுழைந்தோம். தோப்புக்காரர் வழியை மறித்து நின்றார்.

“எங்கன போறீக?”

“கோயிலுக்கு.”

“கோயிலு இந்தப் பக்கம் இல்லையே.”

நான் போனைத் தூக்கிக் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்சீட்டுக் கிடாயைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“சரி, போங்க. திரும்பி இந்த வழியாத்தான வரணும். அப்பப் பேசிக்கிருவோம்.”

தோப்பு முடிந்த இடத்தில் வீடு அளவுக்கு ஒரு கரும்பாறை. அதற்கு மேல் பாதை இல்லை. “நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்றது போன். கோயில் இல்லை, பந்தல் இல்லை, மீனா இல்லை. ஆனால் பாறைமேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேமராக்காரர், மேளக்காரர் ஒருவர், நாயனக்காரர் ஒருவர், வலது காலில் கட்டுப் போட்ட ஆசாரி ஒருவர்.

“கோயில் எங்கங்க?” என்றேன். என் வாழ்க்கையில் நானாக வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

“அதைத்தான் நாங்களும் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்றார் ஆசாரி. “நீங்கதான் மாமனா? காது குத்த வந்த ஆளு நான். மொபட்டுல ஒம்பது மணிக்கே வந்துட்டேன். எனக்கும் இந்த லொக்கேஷனைத்தான் அனுப்புனாக.”

எல்லாருக்கும் அதே லொக்கேஷன். போனில் நாலு கோடும் நிறைந்து டவர் பிரமாதமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மீனாவும் எல்லைக்கு வெளியே. மணி பத்தைத் தாண்டிவிட்டது. செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டு மடியில் துண்டை விரிக்கிற காட்சி என் கண்ணுக்குள் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பால் காய்ச்சுக்குத்தான் வேண்டுமென்று போகவில்லை, இதற்கு வேண்டுமென்றா வராமல் இருப்பேன்? இதை எந்தத் தங்கை நம்புவாள்?

அப்போது பாறையின் அந்தப் பக்கமாக ஓர் ஆள் ஏறி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வானத்தையே பார்த்தபடி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று நம்பரை அழுத்தினார். என் சட்டைப்பையில் போன் அடித்தது.

“மச்சான்! எங்கன இருக்கீக? மணி என்ன ஆச்சு?”

“பாறை மேல இருக்கேன் மாப்ள.”

“எந்தப் பாறை?”

“நீங்க நிக்கிற பாறை.”

மாப்பிள்ளை திரும்பினார். ஐந்தடி தூரத்தில் நான். அப்போதும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“இங்கன என்ன பண்றீக?”

“நீங்கதான மாப்ள லொக்கேஷன் அனுப்பினீங்க!”

“ஆமா. கோயில்ல டவர் எடுக்காது. யாருக்குப் பேசணும்னாலும் ஆத்தைத் தாண்டி இந்தப் பாறைக்குத்தான் வருவோம். இங்கன நின்னுதான் அனுப்புனேன். கோயில்ல இருந்து எப்பிடி மச்சான் அனுப்ப முடியும்?”

கேட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

கோயில் மூல வைகைக்கு அக்கரையில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. இறங்கி நடந்தால் ஐந்து நிமிஷம். நான் பேண்ட்டைச் சுருட்டியே விட்டேன். ஆசாரி அசையவில்லை.

“தண்ணியே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. மொபட்டுல பாலம் சுத்தி வந்தா முக்கா மணி நேரம் ஆகும்.”

பத்தரைக்கு இன்னும் இருபது நிமிஷம். மாப்பிள்ளை வேட்டியை இன்னும் ஏற்றிக் கட்டினார். “அப்பப் பிள்ளை இங்கன வரட்டும்” என்று ஆற்றில் இறங்கி ஓடினார். பூசாரி, “சாமிக்கு அக்கரை தெரியாதாக்கும்? கூட்டிட்டுப் போங்கப்பா” என்று உத்தரவு கொடுத்துவிட்டாராம்.

வனஜா கிடாயைக் காரிலிருந்து இறக்கி, சீர்த்தட்டையும் மாலையையும் பாறைமேல் எடுத்து வைத்தாள். மேளமும் நாயனமும் பாறைமேலேயே தொடங்கின. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி அப்பா தோளில் வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீனா வந்தாள். சொந்தபந்தம் மொத்தமும் தண்ணீருக்குள் வரிசையாக வந்தது. கடைசி ஆளாக, நான் உட்கார வேண்டிய மனைப்பலகையைத் தலையில் சுமந்துகொண்டு செல்வம். (மடியில் துண்டு விரித்து ஒன்பதரையிலிருந்தே தயாராக இருந்தானாம்.) வெயிலில் கொதித்த பாறைமேல் அவனே பலகையைப் போட்டு, “உக்காருண்ணே” என்றான். அவனைப் பிடிக்காமல் இருப்பது அதற்கு மேல் என்னால் முடியாமல் போனது.

யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். கைக்குழந்தையில் பார்த்தது, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை அழப்போகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் எங்கேயோ பார்த்துக் கையை நீட்டினாள்.

“மாமா, ஆடு மாலையைத் திங்குது.”

எனக்குப் போட வேண்டிய மாலையில் பாதி கிடாயின் வாயில் இருந்தது. அந்தச் சுவாரசியத்தில் அவள் இரண்டு காதுக்கும் அழவே இல்லை. அழுதது நான்தான். அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேமராக்காரர் என் அழுகையை மட்டும் பல கோணங்களில் எடுத்துத் தள்ளினார். மீனா ஈரப்புடவையோடு நின்று, “வந்துட்டேல்ல, அது போதும்ண்ணே” என்றாள். மணி பத்து இருபத்தெட்டு.

திரும்பி வரும்போது தோப்புக்காரர் கயிற்றுக் கட்டில் போட்டுக் காத்திருந்தார். பேசினார். நிறைய நேரம் பேசினார்.

அந்தக் கேமராக்காரர் என்ன செய்தாரோ, இப்போது மேப்பில் அந்த இடத்துக்கு ‘தாய்மாமன் பாறை’ என்று பெயர் வருகிறது. நாலு ஸ்டார். முகம் தெரியாத யாரோ ஒருவர், “டவர் நன்றாகக் கிடைக்கும். கோயில் கிடையாது” என்று எழுதி வைத்திருக்கிறார்.

மீனாவின் இரண்டாவது பிள்ளைக்கு அடுத்த மாதம் காது குத்து. பத்திரிகை அடிக்கிற பொறுப்பு செல்வத்துக்கு. நேற்றுத்தான் தபாலில் வந்தது. கோயில் பெயர், நேரம், நாள் எல்லாம் சரியாகப் போட்டு, தங்கள் நல்வரவை விரும்பும் இடத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

‘தாய்மாமன் மட்டும் முந்தின நாளே வந்துவிடவும்.’