முதுகு மிஸ்

புத்தளம் மாவட்டத்தில் முகத்தைக் காட்டாமலே பேரெடுத்த ஒரே ஆள் முதுகு மிஸ்தான். பாலாவிச் சந்தியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் மனநல ஆலோசகராக இருந்தார். கதிரையைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் வழியே சீமெந்து லொறிகளைப் பார்த்தபடிதான் கேட்பார். நாம் முதுகுக்குத்தான் கதை சொல்ல வேண்டும்.

என் நோய் என் ராத்தாவின் முகம். அது வாடினால் எனக்குச் சோறு இறங்காது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டி, நாங்கள் மன்னாரை விட்டு வந்தபோது வழியெல்லாம் என்னை இடுப்பில் சுமந்த அக்கா அவள். அதை அவளும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. சிலாபத்துக்குப் பதவி உயர்வோடு இரண்டு தடவை இடமாற்றம் வந்தது. இரண்டு தடவையும் அவள் சாப்பிடாமல் படுத்தாள். நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். நான் வேலை செய்யும் கந்தோரின் பெரியவர் மூன்றாவது கடிதத்தை நீட்டி, "இதுதான் கடைசி. ஒரு மாசத்துல பதில் தாங்க" என்றார்.

யுத்தம் முடிந்த காலம், ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. முதலாமவர், "ராத்தாதானே, சபுர் செய்ங்க" என்றார். பொறுமை குறைந்தா நான் போனேன்? இரண்டாமவர் என் கதையைக் கேட்டு அழத் தொடங்கினார். அவரைத் தேற்றி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாமவர் முதுகு மிஸ்.

"ஏன் மிஸ் அங்கால பார்த்து இருக்கீங்க? கோவமா?"

"பார்த்தீங்களா! வந்து ரெண்டு நிமிசம் ஆகல்ல, என்ட முகத்த வாசிக்கப் பார்க்கிறீங்க. உங்கட கதையச் சொல்லுங்க."

அடுத்த கிழமை வட்டிலப்பம் கொண்டுபோனேன். முதுகைக் காட்டியபடியே முழுவதையும் தின்று தீர்த்தார்.

"நல்லா இருந்திச்சா மிஸ்?"

பதில் இல்லை. ஏழெட்டு லொறிகள் போயின. சீனி கூடிப்போச்சா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"நான் பதில் சொல்லாட்டியும் நீங்க செத்துப் போகல்லதானே?" என்றார் கடைசியில்.

வீட்டுப்பாடமும் உண்டு: கிழமைக்கு ஒரு தடவை யாரிடமாவது, எதையாவது மறுத்து, "ஏலாது" சொல்ல வேண்டும். பயத்தில் முதலாவதை எங்கள் வீட்டுப் பூனையிடம் சொன்னேன். மிஸ் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பதில் சொல்ல வேண்டிய மாதம் முடியப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டில் கலியாணம். சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் தின்பது முறை. என் முறை வேறு. என் முன்னால் இருக்கும் இறைச்சியை ராத்தா பக்கம் தள்ளிவிடுவேன். அவளும் பார்க்காமலே எடுத்துக்கொள்வாள். அன்றைக்கு எங்கள் சஹனுக்கு ஆறாவது ஆளாக வந்து உட்கார்ந்தது முதுகு மிஸ். அந்த அகலமான முதுகை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டேன்; மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாம். சஹனுக்கு முதுகு காட்டிச் சாப்பிட முடியாதே! முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் வாசிக்க முடியவில்லை. கவனம் முழுக்கச் சோற்றில் இருந்தது.

என் முன்னால் ஒரு கோழிக்கால். எடுத்து நானே கடித்தேன்.

"என்னடி, இன்டைக்கு எனக்கு இல்லையா?" என்றாள் ராத்தா.

"ஏலாது ராத்தா. இது எனக்கு."

எல்லாக் கைகளும் நின்றன, மிஸ்ஸின் கையைத் தவிர. ராத்தாவின் முகம் கறுத்தது. அழுதுகொண்டே எலும்பு வரைக்கும் தின்றேன். சுயநலக்காரி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அப்படி ருசியான கோழியை அதற்கு முன் நான் தின்றதில்லை.

"சிலாபத்துக்கும் போறன்" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

ராத்தா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் என் பயணப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தாள்.

சந்தோஷத்தில் பாலாவிக்கு ஓடினேன்.

"இனி நீங்க வரத் தேவல்ல" என்றது முதுகு.

"மாசத்துக்கு ஒருக்காவாவது வாறனே மிஸ்?"

"ஏலாது."

இப்போது எவர் முகம் கறுத்தாலும் என் சோறு என் வயிற்றுக்குள் போகிறது. ஆனால் புத்தளம் பஸ்ஸில் முன் சீட்டில் ஓர் அகலமான முதுகைக் கண்டால் மட்டும், அது அவர்தானா என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.