நடுவில் கூரை இல்லாத கோயில்

மாசி, மேற்கு ஒக்லாந்து
ஞாயிறு பின்னேரம்

பேரன்புக்குரிய ஆனந்தராசா அத்தானுக்கு,

இங்கு எனக்கு முழங்கால் தவிர மற்றெல்லாம் சுகம். அக்காவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரொறன்ரோவில் நீங்கள் கட்டும் பிள்ளையார் கோயிலின் திருப்பணிச் சபைக்கு என் பெயரைக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அத்தான். ஒரு கோயிலோடேயே நான் களைத்துவிட்டேன். நடந்ததைக் கேட்டால் நீங்களே என் பெயரை வெட்டிவிடுவீர்கள்.

மகன் யசீகரன் மலேசியச் சீனப் பிள்ளை மெய் லிங்கைக் கட்டினது தெரியும்தானே. கலியாணத்துக்கு அவளுடைய கடற்கரை ஊருக்குப் போனபோது, சம்பந்தி மிஸ்டர் டான் தங்கள் பழைய கோயிலைக் காட்டக் கூட்டிப்போனார். நூற்றைம்பது வருடக் கட்டடம். எங்கள் வீட்டுக் கராஜ் மூன்றை ஒட்டி வைத்த அளவு. ஆனால் கூரை முகட்டின் இரண்டு நுனியும் குருவி வால் மாதிரி மேலே வளைந்திருக்க, உடைந்த பீங்கான் துண்டுகளால் செய்த டிராகன்கள் அதன்மேல் ஊர்ந்தன. உத்திரங்களில் ஓர் ஆணி இல்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கொளுவியவை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய், முழங்கால் உயர வாசற்படியில் தடுக்கி, சபைப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் முன்னால் குப்புற விழுந்தேன். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவர்களும் கும்பிட்டார்கள்.

"இவர் நியூசிலாந்து எஞ்சினியர்" என்றார் டான். இருபத்திரண்டு வருடம் நிலத்துக்குள் மழைநீர்க் குழாய் தாட்டவன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்நேரம் பார்த்து மழை பிடித்து, மண்டபத்தின் நடுவில், சாமிக்கு முன்னாலேயே சோவென்று கொட்டியது. மேலே பார்த்தால் அந்த இடத்தில் கூரையே இல்லை. பதறிப்போய், "முதலில் அதை மூடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மெய் லிங் காதுக்குள் சொன்னாள்: "மாமா, அது ஓட்டை இல்லை. வெளிச்சமும் காற்றும் வரத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்."

டானின் அண்ணர் அந்த முற்றத்துக்குத் தகரம் போடவேண்டும் என்று மூன்று வருடமாகச் சண்டை பிடிப்பவராம். டான் ஓர் ஓடுகூட மாறக்கூடாது என்பவராம். "நியூசிலாந்து எஞ்சினியரே சொல்லிவிட்டார்" என்று அண்ணர் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டினார். டான் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். ஒக்லாந்தில் எங்களோடேயே இருக்கும் மெய் லிங் காலையில் "குட் மோர்னிங்" என்பாள், அவ்வளவுதான். யசீகரன் அதுவும் இல்லை. என் மனுசி சுகந்தினி கறி தாளிக்கும்போதெல்லாம், "உங்களை ஆர் வாய் திறக்கச் சொன்னது? விழுந்ததோடை நிண்டிருக்கலாமே!" என்றாள்.

கடைசியில் சபையை வீடியோவில் கூட்டச் சொல்லி, மெய் லிங்கையும் பக்கத்தில் இருத்தி, ஒப்புக்கொண்டேன்: "எனக்குக் கோயில் கட்டத் தெரியாது. தண்ணீர் எதால் வெளியே போகும் என்பது மட்டும்தான் தெரியும்." பன்னிரண்டு முகமும் உறைந்தன, இன்டர்நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அண்ணர் மெல்லக் கேட்டார்: "அப்படியென்றால் எங்கள் தண்ணீர் எதால் போகிறது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. முற்றத்தில் தண்ணீர் தேங்கித் மரத்தூண்களின் அடி உக்கத் தொடங்கியதால்தான் அண்ணர் மூடச் சொல்லியிருக்கிறார். மூலைக் கருங்கல்லைக் கிளப்பச் சொன்னேன். கீழே செங்கல் வாய்க்கால். ஊதுபத்திச் சாம்பல் விழுந்து விழுந்து சீமெந்தாக இறுகியிருந்தது. இரண்டு கிழமை சுரண்டினார்கள். அடுத்த மழை நேரே கடலுக்கு ஓடியது. அண்ணரும் டானும் காற்சட்டையை மடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் தோளில் கைபோட்டு நின்றதைத் தொலைபேசியில் பார்த்து மெய் லிங் அழுதாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து, "சீனி காணுமோ, மாமா?" என்று தமிழில் கேட்டாள். காணாது, இன்னும் ஒரு கரண்டி வேண்டும். ஆனாலும் ஓம் என்றேன்.

இவ்வளவும் நடந்தபிறகு எனக்குப் படுக்கத்தான் தோன்றியது. இனி எந்தத் தெய்வத்தின் கூரைக்கும் நிலத்துக்கும் நான் பொறுப்பில்லை, அத்தான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பிள்ளையார் உங்களை ஒரு நல்ல கொந்தராத்துக்காரர் கையில் ஒப்படைக்கட்டும்.

களைத்துப்போன மைத்துனன்,
சற்குணம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது டானும் அண்ணரும் ஒன்றாகச் சேர்ந்து அழைத்தார்கள். முற்றத்தில் விழும் மழை அவர்களுக்குச் செல்வமாம். இப்போது அது இரண்டு நிமிடத்தில் கடலுக்குப் போய்விடுகிறதாம். ஊரில் வியாபாரம் படுத்துவிட்டதாம். வந்து கொஞ்சம் அடைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். சுகந்தினி தலையில் கைவைத்துக்கொண்டாள். "எவ்வளவு அடைக்க வேண்டும்?" என்று நான் கேட்டுவிட்டேன், அத்தான். வியாழக்கிழமை பிளேன்.