அறுபதுக்கு இறங்காத நெஞ்சு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம் என்று டாக்டர் சொல்கிறார். கோபித்துக்கொண்டு அங்கு வந்திருக்கும் உன் அக்காவின் நலமறிய ஆவல். இதை அவள் கண்ணில் படாமல் படி.

இதய ஸ்கேனுக்குப் போனோம். நெஞ்சு வேகமாக அடித்தால் படம் கலங்கிவிடுமாம். துடிப்பை அறுபதுக்கு இறக்க ஒரு மாத்திரை கொடுத்து, கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் எண் காட்டும் பெட்டியையும் வைத்தார்கள். "தீயணைப்புப் படையில நெருப்புக்குள்ள நுழைஞ்சவன், எனக்கெதுக்கும்மா மாத்திரை?" என்று நர்ஸிடம் சவடால் அடித்துவிட்டுத்தான் விழுங்கினேன். எண்ணும் சமர்த்தாக அறுபத்திரண்டுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அக்கா என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எண் தொண்ணூறு. வெளியே அனுப்பினார்கள், இறங்கியது. போர்வையைச் சரிசெய்ய வந்தாள், தொண்ணூற்றாறு. நர்ஸ் இன்னொரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "அம்மா, நீங்க கீழ போய் உக்காருங்க. உங்களப் பாத்தாலே சாருக்கு ஏறுது" என்றாள். அறையே சிரித்தது மாப்பிள்ளை, நானும் அசடு மாதிரி கூடச் சேர்ந்து சிரிச்சுத் தொலைச்சேன். அதுதான் வினை. வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "இத்தன வருஷமா நான்தான் உங்க வியாதின்னு தெரியாமப் போச்சே"ன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா.

உள்ளதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காபி குடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் பால் வாங்குகிற சாக்கில் தெருமுனைக் கடையில் இரண்டு காபி குடித்துவிட்டேன். அவள் கிட்டே வந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்றுதான் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. குற்றவாளி காபிதான், அவள் இல்லை என்று பக்குவமாகச் சொல்லி அழைத்து வா. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: காபி குடித்தேன் என்பது பொய். அவள் என் சட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏதாவது ஆகிவிட்டால் இவள் அந்தச் சட்டையோடு தனியாக வீட்டுக்குப் போவாளே என்று தோன்றியது. பயந்துவிட்டேன் மாப்பிள்ளை. எந்த நெருப்பிலும் நான் அப்படிப் பயந்ததில்லை. சிரித்ததும் அதை மறைக்கத்தான். அவளிடம் காபி என்றே சொல்.